இறப்பல்லாத காலம்

எங்கள் டீமில் புதிதாகச் சேரும் பிள்ளைகள் வெளிநாட்டு மேனேஜரோடு பேசும் முதல் சில கூட்டங்களில் நானும் கூட உட்கார்ந்திருப்பேன். போன வருடம் தென்காசிப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான். நல்ல கோட் எழுதுவான். தன்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லச் சொன்னதும் கல்லூரிக் கதையை ஆரம்பித்தான். "இன் மை காலேஜ் டேஸ், வி வில் கோ டு தி லேப் அட் நைட். அவர் சார் வில் கிவ் தி கீ." அந்தப் பக்கம் இருந்த அமெரிக்கர் மரியாதை தெரிந்தவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, எந்த ராத்திரி போகப்போகிறீர்கள் என்று கேட்டார். பையனுக்குக் கேள்வி புரியவில்லை, அவருக்குப் பதில் புரியவில்லை. நான் நடுவில் புகுந்து, 'யூஸ்டு டு' போட்டு அந்த இரண்டு வாக்கியத்தையும் திருப்பிச் சொன்னேன். கூட்டம் நகர்ந்தது.

இந்த 'வில்'லைத் தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்களிடம் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். மை கிராண்ட்மதர் வில் டெல் ஸ்டோரீஸ். எவ்ரி சண்டே மை அங்கிள் வில் கம். பாட்டி செத்து இருபது வருடம் ஆகியிருக்கும், மாமா துபாயில் இருப்பார். சொல்கிறவர் நன்றாகப் படித்தவர், மற்ற இடங்களில் இலக்கணம் பிசகாது. இந்த ஒரு இடத்தில் மட்டும் கால் வழுக்கும். அதே ஆபீசில் உட்கார்ந்திருக்கும் கன்னடக்காரர்களிடமும் தெலுங்குக்காரர்களிடமும் இதை நான் அவ்வளவாகக் கேட்டதில்லை. அவர்களுடைய ஆங்கிலம் வேறு இடங்களில் வழுக்குகிறது. அப்படியென்றால் இதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அது தமிழில்தான் இருக்க வேண்டும் என்று தோன்றியது.

அன்று மாலை அந்தப் பையனை கேண்டீனில் உட்காரவைத்து ஒரு தாளில் எழுதிக் காட்டினேன். பழைய வழக்கத்தைச் சொல்ல ஆங்கிலத்தில் மூன்று வழி உண்டு. சாதாரண இறந்த காலம் ஒன்று: வி வென்ட் எவ்ரி நைட். 'யூஸ்டு டு' இன்னொன்று, 'வுட்' மூன்றாவது. இதில் 'யூஸ்டு டு' செயலுக்கும் வரும், நிலைக்கும் வரும். ஐ யூஸ்டு டு வாக் என்றும் சொல்லலாம், ஐ யூஸ்டு டு லிவ் இன் கோவில்பட்டி என்றும் சொல்லலாம். 'வுட்' திரும்பத் திரும்பச் செய்த செயலுக்கு மட்டும்தான். ஐ வுட் லிவ் இன் கோவில்பட்டி என்று சொன்னால் கேட்கிறவர் அடுத்து ஒரு 'இஃப்'புக்காகக் காத்திருப்பார். லீவு கிடைத்தால், லாட்டரி விழுந்தால் என்று ஏதாவது வரும் என்று. வழக்கத்தைச் சொல்லும் 'வுட்'டால் தனியாகவும் நிற்க முடியாது. எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று முதலில் சொல்லியிருக்க வேண்டும். கதை சொல்கிறவர்கள் முதல் வாக்கியத்தில் 'யூஸ்டு டு' போட்டுக் கதவைத் திறந்துவிட்டு, அப்புறம் வரிசையாக 'வுட், வுட்' என்று போவது இதனால்தான்.

இதோடு 'பீ யூஸ்டு டு' என்று ஒட்டுப்போட்டதுபோல ஒன்று இருக்கிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐ ஆம் யூஸ்டு டு த நாய்ஸ் என்றால் சத்தம் எனக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம். பழைய வழக்கமும், இன்று பழகிப்போனதும் ஒரே சொல்லிலிருந்து வந்து நிற்கின்றன. பிள்ளைகள் குழம்புவதில் ஆச்சரியம் இல்லை.

தாளில் கடைசியாக நான் எழுதியதுதான் முக்கியமானது. 'யூஸ்டு டு' சொன்னால் இப்போது இல்லை என்றும் சேர்த்துச் சொன்னதாகிவிடும். மை ஃபாதர் யூஸ்டு டு ஸ்மோக் என்று ஒருவர் சொன்னால், அப்பா சிகரெட்டை விட்டுவிட்டார் என்று நாம் எடுத்துக்கொள்வோம். அவர் அந்த வார்த்தையைச் சொல்லியிருக்க மாட்டார், ஆனாலும் காதில் விழும். வழக்கத்தைச் சொல்லும்போதே அதன் முடிவையும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொல்கிறது ஆங்கிலம்.

*

அந்தப் பையன் மனதில் இருந்த தமிழ் வாக்கியம் இதுவாகத்தான் இருந்திருக்கும்: "அப்பல்லாம் ராத்திரி லேபுக்குப் போவோம். எங்க சார் சாவி குடுப்பார்." இதை ஒரு வார்த்தை பிசகாமல் மொழிபெயர்த்திருக்கிறான். போவோம், குடுப்பார் இரண்டும் நம் பள்ளிப் புத்தகத்தின்படி எதிர்காலம். நன்னூலைப் படித்தவர்களுக்கு ப், வ் என்ற இரண்டு எழுத்தும் எதிர்கால இடைநிலைகள் என்று மனப்பாடமாகியிருக்கும். நாளைக்குப் போவோம் என்பதிலும் அதே வ்தான். அப்பல்லாம் போவோம் என்பதிலும் அதே வ்தான். காலம் வினையில் இல்லை, 'அப்பல்லாம்' என்ற சொல்லில் இருக்கிறது.

எதிர்மறையும் அப்படியே. "அப்பல்லாம் எங்க அப்பா கல்யாணத்துக்கெல்லாம் வரமாட்டாங்க." நாளைக்கு வரமாட்டார் என்பதற்கும் இதே வடிவம்தான். அஃறிணைக்கு 'உம்' வந்துவிடும். "எங்க வீட்டு வாசல்ல ஒரு வேப்பமரம் இருக்கும்." இது ஊர்க்கதையின் நடுவில் வந்தால், அந்தக் காலத்தில் மரம் இருந்தது என்று அர்த்தம். வழி கேட்டவருக்குச் சொன்னால், போய்ப் பாருங்கள், மரம் இருக்கும் என்று அர்த்தம். சாவியைத் தேடுகிறவரிடம் "அலமாரில இருக்கும்" என்றால் அது ஊகம். ஒரு 'இருக்கும்' மூன்று வேலை பார்க்கிறது. ஆங்கிலத்தில் நிலைக்கு 'வுட்' ஆகாது என்று பார்த்தோம். தமிழுக்கு அந்தத் தடையும் கிடையாது.

எழுதும்போது நம்மிடம் வேறு வடிவங்கள் இல்லாமல் இல்லை. 'போவதுண்டு', 'போவது வழக்கம்', 'போய்க்கொண்டிருந்தோம்' எல்லாம் உண்டு. ஆனால் திண்ணையில் உட்கார்ந்து பழைய கதை பேசுகிற யாரும் "என் தாத்தா கதை சொல்வது வழக்கம்" என்று பேசி நான் கேட்டதில்லை. "தாத்தா கதை சொல்வாரு" என்றுதான் சொல்வார்கள்.

பக்கத்து மொழிகளைக் கேட்டுப் பார்த்தேன். அவள் வருவாள் என்பதைப் பழைய வழக்கமாகச் சொல்ல வேண்டுமென்றால் கன்னடத்தில் 'பருத்தித்தளு'. உள்ளே 'இருந்தாள்' ஒளிந்திருக்கிறது. தெலுங்கில் 'வச்சேதி' என்று தனி வடிவமே உண்டு. மலையாளத்தில் 'வருமாயிருந்நு'. அவர்கள் 'வரும்' என்று நம்மைப் போலவே தொடங்கிவிட்டு, கடைசியில் ஓர் 'ஆயிருந்நு'வைக் கட்டி அதை இறந்த காலத்துக்கு இழுத்துக்கொள்கிறார்கள். இந்தியிலும் 'ஆதீ தீ' என்று பின்னால் ஒரு 'தீ' வந்துவிடும். பேச்சுத்தமிழ் மட்டும் 'வருவா' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிடுகிறது.

இது நாம் சமீபத்தில் சோம்பேறியாகி விட்டதால் வந்த பழக்கம் இல்லை. மூன்று காலத்துக்கும் பொதுவாக, ஒரே இயல்பில் நிற்கும் பொருள்களைச் சொல்லும்போது 'செய்யும்' என்ற வடிவத்தால் சொல்ல வேண்டும் என்று தொல்காப்பியத்தின் வினையியலில் ஒரு விதி இருக்கிறது. மலை நிற்கும், தீ சுடும் என்பது போன்றவை உதாரணம். நேற்றும் நின்றது, இன்றும் நிற்கிறது, நாளையும் நிற்கும். மூன்றையும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, 'நிற்கும்' போதும். நாம் இன்று சரளமாகச் சொல்லும் 'கிறு' போட்ட நிகழ்காலம் சங்கப் பாடல்களில் அரிது. பிந்தைய காலத்தில்தான் அது பெருகியது. அதற்கு முன் பெரிய பிரிவு இரண்டுதான். திராவிட மொழிகளுக்கெல்லாம் மூலமான மொழியிலும் காலம் இரண்டாகவே இருந்திருக்கும் என்று பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003-இல் வெளிவந்த தன் பெரிய நூலில் சொல்கிறார். ஒன்று இறந்த காலம். மற்றதற்குத் தமிழ் மொழியியலாளர்கள் வைத்திருக்கும் பெயர் 'இறப்பல்லாத காலம்'. முடிந்துபோனது ஒரு பக்கம். நடப்பது, நடக்கப்போவது, எப்போதும் நடப்பது, வழக்கமாக நடப்பது எல்லாம் இன்னொரு பக்கம்.

ஆங்கிலத்துக்கும் இந்த ஞாபகம் கொஞ்சம் உண்டு. 'வுட்' என்பது 'வில்'லின் இறந்த காலம். 'வில்' ஆதியில் எதிர்காலமே இல்லை. விரும்புவது என்று அர்த்தம். ஒருவர் விரும்பிச் செய்வது திரும்பத் திரும்ப நடக்கும், இனியும் நடக்கும். ஆசை, வழக்கம், எதிர்காலம் மூன்றும் அந்தச் சொல்லுக்குள் ஒன்றாகக் கிடந்திருக்கின்றன. தென்காசிப் பையனின் 'வில்' அவ்வளவு தூரத்தில் இல்லை. ஒரே ஒரு படி இறந்த காலத்துக்குள் இறங்கியிருந்தால் 'வுட்' ஆகியிருக்கும். அந்தப் படியில் இறங்கு என்று தமிழ் அவனை ஒருபோதும் வற்புறுத்தியதில்லை.

எங்கள் தொழிலில் இதற்குப் பக்கமாக ஒன்று உண்டு. சர்வரில் 'லாக்' என்று ஒரு கோப்பு இருக்கும். என்ன நடந்ததோ அது வரிவரியாக, நேரத்தோடு பதிவாகும். 'கிரான்' என்று வேறொன்று இருக்கும். தினமும் மாலை 4 மணிக்கு இந்த வேலையைச் செய் என்று அதில் ஒரு வரி எழுதிவைத்திருப்போம். லாக் என்பது வந்தாள், போனாள். கிரான் என்பது வருவாள், போவாள். வேலையைச் செய்யும் நிரலை யாரோ அழித்துவிட்டார்கள், ஆனால் கிரானில் அந்த வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் 4 மணிக்கு அது கூப்பிடும். அப்படி ஒன்று இங்கே இல்லை என்று பதில் வரும். மறுநாள் 4 மணிக்கு மறுபடியும் கூப்பிடும். நான் பழுது பார்த்த விஷயங்களில் இப்படிப்பட்டவை நிறைய.

*

இதையெல்லாம் நான் தேடிப் படிக்க ஆரம்பித்ததற்கு அந்தப் பையன் மட்டும் காரணம் இல்லை. அப்பாதான் காரணம்.

அப்பா கோவில்பட்டியில் ஒரு தீப்பெட்டி ஆபீசில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். ஊரில் தொழிற்சாலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், தீப்பெட்டி ஆபீஸ்தான். அம்மா இறந்து ஒரு வருடம் தனியாக ஊரிலேயே இருந்தார். துட்டிக்கு வந்தவர்கள் எல்லாரும் "பழகிரும்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். பழகவில்லை. பிறகு எங்களோடு பெங்களூருக்கு வந்துவிட்டார். வந்து ஒரு வருடம் போல ஆனபோது, ஒரு நாள் கீழே நடக்கப் போனவர் திரும்பி வரும்போது வேறு பிளாக்கில் ஏறி, நாலாவது மாடியில் யார் வீட்டுக் கதவையோ சாவி போட்டுத் திறக்கப் பார்த்திருக்கிறார். எங்கள் அபார்ட்மெண்டில் எட்டு பிளாக், எட்டும் ஒரே மாதிரி. யாருக்கும் நடக்கக்கூடியதுதான். அந்த வீட்டுக்காரர்கள் நல்ல மனிதர்கள், கூட்டிவந்து விட்டார்கள்.

அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டேன். ஆனால் அதே வாரம், சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்திருந்தவர், தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்நேரம் ஒங்கம்மா அடுப்படில இருப்பா."

அவர் எப்போதும் அம்மாவைப் பற்றி இப்படித்தான் பேசுவார். காப்பியில் சீனி தூக்கலாகப் போடுவா. தீப்பெட்டி ஆபீஸ் சங்கு ஊதுறதுக்கு முன்னாடி எந்திரிச்சிருவா. சினிமாவுக்குக் கூப்பிட்டா வரமாட்டா. எல்லாமே வ், ப், மாட்டா. எனக்கு அது ஒருபோதும் உறுத்தியதில்லை. அதற்கு முன்னால் 'அப்பல்லாம்' இருக்கும், அல்லது இருப்பதாக நாங்கள் இருவரும் எடுத்துக்கொள்வோம். இந்த வாக்கியத்தில் 'அப்பல்லாம்' இல்லை. 'இந்நேரம்' இருந்தது. இந்நேரம் என்பது இப்போது. அடுப்படியில் அப்போது யாரும் இல்லை. நான் அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன்.

'இருப்பா' என்பதை அன்று ராத்திரி முழுக்கப் புரட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் காலத்தில் இந்த வேளையில் அடுப்படியில் இருப்பாள் என்று சொல்லியிருக்கலாம். உயிரோடு இருந்திருந்தால் இந்நேரம் அடுப்படியில் இருப்பாள் என்று, முதல் பாதியை மனதுக்குள் சொல்லிவிட்டு இரண்டாவது பாதியை மட்டும் வெளியே சொல்லியிருக்கலாம். அல்லது அலமாரியில் சாவி இருக்கும் என்பதுபோல, உள்ளே அடுப்படியில்தான் இருப்பாள், போய்ப் பார் என்று சொல்லியிருக்கலாம். முதலாவது ஞாபகம், இரண்டாவது ஏக்கம். மூன்றாவதுதான் பயம். மூன்றுக்கும் தமிழில் ஒரே வாக்கியம்.

*

நரம்பியல் மருத்துவர் வடக்கிலிருந்து வந்தவர். இந்தி, ஆங்கிலம், உடைந்த கன்னடம். அப்பாவுக்குத் தமிழ் மட்டும்தான். நான் நடுவில் உட்கார்ந்தேன்.

முதலில் ஒரு சோதனை. 1975-இல் ஃபோல்ஸ்டைன் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் உண்டாக்கியது, மொத்தம் 30 மதிப்பெண். இன்று என்ன தேதி, என்ன கிழமை, எந்த ஊர், எந்த மாடி. மூன்று சொற்களைச் சொல்லி, கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பக் கேட்பது. 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிப்பது. ஒரு படத்தைப் பார்த்து வரைவது. கழித்தல் கணக்கு வந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்ணூத்தி மூணு, எம்பத்தாறு, எழுபத்தொம்பது, எழுபத்திரெண்டு, அறுபத்தஞ்சு என்று நான் மொழிபெயர்ப்பதற்கு முன்னால் முடித்துவிட்டு, இன்னும் போகவா என்று கேட்டார். தேதி கேட்டபோது ஆவணி பதினொண்ணு என்றார். மருத்துவருக்கு அது புரியவில்லை. நான் போனில் காலண்டரைப் பார்த்துச் சரிதான் என்று சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே மதிப்பெண் போட்டார். மூன்று சொற்களில் ஒன்றுதான் திரும்ப வந்தது. கடைசியில் 25. 24-க்குக் கீழே போனால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது பொதுவான கணக்கு என்றார். படிப்பு, வயது எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டுமாம்.

பிறகு என்னிடம் கேட்டார். இறந்துபோன மனைவி உயிரோடு இருப்பதுபோல எப்போதாவது பேசுகிறாரா?

நான் அந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. 'ஷி யூஸ்டு டு பி இன் த கிச்சன் அட் திஸ் டைம்' என்றால் பிரச்சினை ஒன்றும் இல்லை, வீட்டுக்குப் போகலாம். 'ஷி மஸ்ட் பி இன் த கிச்சன்' என்றால் கோப்பில் வேறு மாதிரி எழுதுவார். இரண்டுமே அப்பா சொன்னதாகத்தான் இருக்க முடியும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சுவரில் இருந்த மூளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைப் பற்றிய வாக்கியத்தை நான் எந்தக் காலத்தில் சொல்லப்போகிறேன் என்பது அவருக்குத் தெரியாது.

"அட் திஸ் அவர் ஷி வுட் பி இன் த கிச்சன்" என்றேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் அந்தத் தமிழுக்குப் பக்கத்தில் வரக்கூடியது அதுதான். பழைய வழக்கமாகவும் இருக்கலாம், 'இருந்திருந்தால்' என்ற பாதியை விழுங்கிய வாக்கியமாகவும் இருக்கலாம், ஊகமாகவும் இருக்கலாம்.

மருத்துவர் பேனாவை வைத்துவிட்டார். 'வுட்' என்றால் எது என்று கேட்டார். நான் தயங்கியதைப் பார்த்து, இந்தியிலேயே கேட்டார்: "ஹோதீ தீ? யா ஹோகீ?" இருப்பது வழக்கம் என்று சொல்கிறாரா, இப்போது இருப்பாள் என்று சொல்கிறாரா? எவ்வளவு தெளிவான கேள்வி. எங்கள் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் என்று சொன்னேன். அவர் அதை ஒரு தப்பித்தலாக எடுத்துக்கொள்ளவில்லை. "அப்படியானால் அவரிடமே கேளுங்கள்" என்றார்.

நான் அந்தக் கேள்வியைத் தவிர்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. தமிழ் எனக்கு அந்த வசதியைக் கொடுத்திருந்தது. 'இருப்பா' என்று அவர் சொல்வார், 'ஆமாப்பா' என்று நான் சொல்வேன், இருவரும் எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்று யாரும் விசாரிக்க மாட்டோம். இந்தியோ ஆங்கிலமோ அப்படி விடாது.

"ப்பா, அம்மா இப்ப எங்க?"

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். "என்ன கேக்க?"

"அம்மா எங்கன்னு டாக்டர் கேக்காங்கப்பா."

"ஒங்கம்மாதான் போயிட்டாளே. ஒந்தம்பிதான கொள்ளி வச்சான். நீயும்தான இருந்த." பிறகு மருத்துவரைப் பார்த்து, இந்த ஆளுக்கு இதுகூடத் தெரியாதா என்பதுபோல, "ரெண்டு வருசம் ஆச்சு" என்றார்.

போயிட்டா, வச்சான், இருந்த, ஆச்சு. நான்கும் இறந்த காலம், ஒன்றில்கூடத் தடுமாற்றம் இல்லை. என்ன நடந்தது என்று கேட்டால் அவரிடம் லாக் சரியாக இருந்தது. அம்மாவின் சாவை அதற்குரிய காலத்தில் வைத்திருந்தார். அடுப்படியை மட்டும் அங்கே கொண்டுபோய் வைக்கவில்லை. வைக்கச் சொல்லி அவருடைய மொழி அவரைக் கேட்டதும் இல்லை.

மருத்துவரிடம் சொன்னேன். தலையாட்டினார். பி12, தைராய்டு பார்க்க ரத்தப் பரிசோதனை எழுதினார். மனச்சோர்வும் பல நேரம் மறதி மாதிரியே தோற்றம் காட்டும், ஆறு மாதம் கழித்து இதே சோதனையை மறுபடி செய்யலாம் என்றார். வெளியே வரும்போது, இனி சந்தேகம் வந்தால் இன்று கேட்ட மாதிரி நேராகக் கேளுங்கள், அவருக்கு அது வலிக்கும் என்று நீங்களாக நினைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். நல்ல மருத்துவர்.

தமிழின் இந்தக் குணத்தைப் பற்றிப் பெருமையாகச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை ஆரம்பித்தேன். இறந்தவர்களை இறப்பல்லாத காலத்தில் வைத்திருக்கும் மொழி என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை இல்லை. அதே குணம், ஒருவருடைய ஞாபகம் கரைந்துகொண்டிருந்தால் அதையும் மூடி வைத்துவிடும். மகள் கேட்க விரும்பாததைக் கேட்காமல் இருக்கவும் துணை போகும். அன்று எனக்கு ஹோதீ தீ, ஹோகீ என்று இரண்டாகப் பிரித்துக் கேட்கும் ஒருவர் தேவைப்பட்டார். எந்த மொழியில் அம்மாவோடு வாழ முடியுமோ அந்த மொழியிலேயே அப்பாவுக்கு வைத்தியமும் பார்த்துவிட முடியும் என்று சொல்ல மாட்டேன்.

ஆறு மாதம் கழித்து 24 வந்தது. ஒன்று குறைவு. அதற்குப் பெரிய அர்த்தம் இல்லை என்றார். மறுபடியும் ஆறு மாதம்.

*

என் மகள் நாலாவது படிக்கிறாள். போன மாதம் 'யூஸ்டு டு' பாடம் வந்தது. வீட்டில் உள்ள பெரியவர்களைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். ஆச்சியைப் பற்றி எழுதப்போகிறேன் என்று தாத்தாவிடம் போய் உட்கார்ந்துகொண்டாள். அவர் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள். ஆச்சி வெள்ளன எந்திரிப்பா: ஆச்சி யூஸ்டு டு கெட் அப் ஏர்லி. ஆச்சி கட்டு ஒட்டுவா, அதாவது தீப்பெட்டி ஒட்டுவா: யூஸ்டு டு பேஸ்ட் மேட்ச்பாக்ஸஸ். ஆச்சி நல்லாப் பாடுவா: யூஸ்டு டு சிங். நாலு வாக்கியம் சரியாக வந்தது. தாத்தா சொன்ன ஒவ்வொரு 'வா'வையும் எந்தக் குழப்பமும் இல்லாமல் அந்தப் பக்கம் கொண்டுபோய்விட்டாள். இரண்டு மொழியிலும் பிறந்த பிள்ளை.

ஐந்தாவதில் நின்றுவிட்டாள். "ஆச்சிக்கு மல்லிப்பூ பிடிக்கும்" என்றிருக்கிறார். யூஸ்டு டு லைக் ஜாஸ்மின் என்று எழுதிவிட்டு என்னிடம் கொண்டுவந்தாள். இலக்கணப்படி தவறில்லை; 'லைக்' நிலை, 'யூஸ்டு டு' வரும். ஆனால் அப்படி எழுதினால், முன்பு பிடித்தது, அப்புறம் ஆச்சிக்கு மல்லிப்பூ சலித்துவிட்டது என்று ஆகிவிடும். இறந்தவருக்குப் பிடித்ததைச் சொல்லும்போது ஆங்கிலம் 'யூஸ்டு டு'வை விட்டுவிட்டு 'லைக்டு', 'லவ்டு' என்று சாதாரண இறந்த காலத்துக்கு வந்துவிடுகிறது. அதைச் சொன்னேன். அழித்து எழுதினாள்.

"அப்ப தாத்தா ஏன் பிடிச்சதுன்னு சொல்லல? பிடிக்கும்னாங்க."

தமிழில் பிடிக்கும், தெரியும், வேணும், போதும் எல்லாம் அந்த 'உம்'மிலேயே உட்கார்ந்திருக்கும் சொற்கள். "அம்மாவுக்கு மல்லிப்பூ பிடித்தது" என்றால் ஏதோ ஒரு நாள் வாங்கிக்கொடுத்த பூ பிடித்துப்போனது என்று ஆகும். பூவின் மேல் இருந்த பிரியத்தை எந்தக் காலத்திலும் முடித்துவைக்க முடியாது. இதையெல்லாம் ஒன்பது வயதுப் பிள்ளையிடம் சொல்லவில்லை. "தமிழ்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்றேன்.

மறு வாரம் அம்மாவின் மூன்றாம் வருட நினைவு நாள். ஊருக்குப் போகவில்லை, இங்கேயே படையல் போட்டோம். என்னென்ன வைக்க வேண்டும் என்று முந்தின நாள் அப்பாவிடம் கேட்டு எழுதினேன். கருவாட்டுக் குழம்பு பிடிக்கும். அவிச்ச மொச்சை பிடிக்கும். சாத்தூர்ச் சேவு கிடைத்தால் வாங்கு, பிடிக்கும். மூன்று சொற்களில் இரண்டை மறந்தவர், அரைப் பக்கத்துக்குச் சொன்னார். நானாக, கோவில்பட்டி கடலைமிட்டாய் ஒரு பாக்கெட் இருக்கிறது, அதையும் வைக்கட்டுமா என்று கேட்டேன்.

"அது வேண்டாம்மா. அவளுக்குப் பிடிக்காது. பல்லுல ஒட்டும்பா."

கடலைமிட்டாய் வைக்கவில்லை.